மறியலில் நின்றவன்

1

போன ஞாயிற்றுக்கிழமை யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருந்து தங்கச்சி தொலைபேசி எடுத்தாள். சுகம் கேட்டாள். இங்கே வெயிலா மழையா என்று கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, கேக்கிறன் எண்டு குறை நினையாதை. செந்தூரன் மறியலிலை இருந்தவனாமே?"

"ஆர் உனக்குச் சொன்னது?"

"இங்கை எல்லாரும் கதைக்கினம். அங்கை தேர்த் திருவிழாவிலை அவன் தன்ரை வாயாலையே சொன்னவனாம். நாலு வருசமாம்."

இங்கே ஜேர்மனியில் ஊன்ட்றொப் அம்பாளின் தேர் ஓடி இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. கோயிலடிக் கால்வாய்க்கரையில் சொன்ன ஒரு வசனம் அதற்குள் கோண்டாவிலுக்குப் போய்விட்டது. தங்கச்சிக்கு நான் அனுப்பிய மருந்துப் பார்சல் இன்னும் போய்ச் சேரவில்லை.

எங்கள் ஆட்களுக்கு மறியல் என்றால் சிறைச்சாலை. தமிழ்நாட்டுக்காரர் இதைப் படித்தால் வீதியில் குந்தியிருந்து போராடுவது என்று நினைப்பார்கள். என் மகனுக்கு அது வேறு ஒன்று. அவன் களவெடுக்கவில்லை. யாரையும் வெட்டவில்லை. ஒரு விளையாட்டில் ஒரு இடத்தில் நின்றான். அந்த இடம் என்ன என்று சொன்னால்தான் இந்தக் கதை விளங்கும்.

ஷெல் விழுகிற ஊரில் இருப்பவர்களுக்கு இவள் விளையாட்டைப் பற்றி எழுதுகிறாளே என்று ஏசுகிறவர்கள் ஏசலாம். என் பிள்ளையின் பெயரை நான்தான் துடைக்க வேண்டும். வேறு யாரும் வரமாட்டார்கள்.

2

முதலில் ஒன்று. அவன் விளையாடியது உதைபந்தாட்டம் இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் நொந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு முதல் ஜேர்மனியில் உலகக் கிண்ணம் நடந்தபோது, வருடக்கணக்காக என்னோடு கதைக்காத ஆட்கள்கூட வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார்கள்.

"அக்கா, மகன் புட்போல்தானே? ரெண்டு ரிக்கற் எடுத்துத் தரேலுமோ?"

"அது வேறை புட்போல்."

"எந்தப் புட்போல் எண்டாலும் பரவாயில்லை அக்கா. பிரேசில் விளையாடினால் காணும்."

இது அமெரிக்கர்களின் புட்போல். தலையில் கவசம், தோளில் கவசம், தேங்காய் போல இரண்டு பக்கமும் கூரான பந்து. பந்தைக் கையால் எறிகிறார்கள். எறிவதற்கென்று ஒருவன் இருக்கிறான். தூரத்தில் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குச் சிலர். எறிகிறவனை அடித்து விழுத்துவதற்கு எதிர்ப்பக்கத்தில் இருந்து எருமை போல நாலைந்து பேர் பாய்ந்து வருவார்கள். அவர்களுக்கும் எறிகிறவனுக்கும் நடுவில் ஐந்து பேர் வரிசையாக நிற்பார்கள். அந்த ஐந்து பேரைத்தான் லைன் என்பார்கள்.

அவர்களுக்குப் பந்து கிடையாது. நடுவில் நிற்பவன் அதை எடுத்துப் பின்னால் கொடுப்பதோடு சரி. ஓடிப்போய்ப் புள்ளி எடுப்பது அவர்களுடைய வேலை இல்லை. வருகிறவனைக் கட்டிப்பிடித்தால் தண்டனை. மறிக்க வேண்டும், அவ்வளவுதான். பின்னால் நிற்பவன் ஒரு பெருமூச்சு விட்டு, பார்த்து, எறிந்து முடிக்கும் மட்டும் மறிக்க வேண்டும்.

செந்தூரன் சின்ன வயதில் இருந்தே பெரிய உடம்பு. பாடசாலையில் அதற்காக வாங்கிக் கட்டினான். பதினேழு வயதில் எங்கள் நகரத்துக் கழகத்தில் சேர்ந்தான். ஒருநாள் நான் முதியோர் இல்லத்தில் வேலையில் நிற்கிறேன், தொலைபேசி வருகிறது.

"அம்மா, என்னை மறியலிலை போட்டிட்டினம்!"

கையில் இருந்த தட்டு விழுந்தது. நான் வேலை உடுப்போடு பொலிஸ் நிலையத்துக்கு ஓடினேன். அங்கே இருந்தவன் கணினியில் தேடினான், இரண்டு தரம் பெயரைக் கேட்டான், எழுத்துக்கூட்டச் சொன்னான். அப்படி ஒருவரும் இல்லை என்றான். மறைக்கிறான் என்று நினைத்து அவனையும் ஏசினேன். வீட்டுக்கு வந்தால் செந்தூரன் குசினியில் நின்று பாண் தின்கிறான்.

"எங்கையடா பிடிச்சவங்கள்? ஏனடா விட்டவங்கள்?"

"ஆர் பிடிச்சது? அம்மா, நான் லைனிலை. மறிக்கிற ஆள். ஆட்டம், ஓட்டம் மாதிரி, மறி எண்டால் மறியல்தானே? பிழையோ?"

இங்கே பிறந்த பிள்ளை. இலக்கணத்தில் பிழை சொல்ல முடியாது. அன்றைக்கு அவர், அதுதான் செந்தூரனின் தகப்பன், சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மறியல் என்றால் அதுதான். "இண்டைக்கு மறியல் எத்தினை மணிக்கு?" "மறியல் உடுப்புத் தோய்ச்சாச்சோ?" என்று கதைத்தோம். வெளியாட்கள் முன்னால் கதைக்கக் கூடாது என்ற யோசனை எங்கள் ஒருவருக்கும் வரவில்லை.

3

அவர் இத்தாலியன் சாப்பாட்டுக்கடையில் சமையல். சனி ஞாயிறு லீவு இல்லை. அதனால் மகனின் ஆட்டத்துக்கு நான்தான் போனேன்.

எனக்கு ஆட்டம் விளங்காது. அதனால் பந்தைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்த்தேன். இடப்பக்க ஓரத்தில் நிற்பான். வலக்கையால் எறிகிறவன் எறியும்போது இடப்பக்கத்துக்கு முதுகைக் காட்டி நிற்பான். அங்கிருந்து வருகிறவனை அவன் காணமாட்டான். அவனுக்குப் பதிலாகக் காண வேண்டியவன் என் பிள்ளை.

அவன் நின்ற நிலையை முதல்தரம் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அது எங்கள் வேலை. படுக்கையில் கிடக்கும் பாரமான கிழவிகளைத் தூக்க எங்களுக்குப் படிப்பித்த அதே நிலை. கால் அகலம், இடுப்பு இறக்கம், முதுகு நேர், கையால் இழுக்காதே, இடுப்பால் தள்ளு. ஆளுக்கு ஆள் ஒட்டி நில். மற்றவள் என்ன செய்கிறாள் என்று பார்க்காமலே தெரிய வேண்டும். நானும் என்னோடு வேலை செய்த போலந்துக்காரியும் அப்படித்தான் தூக்கினோம். பிறகு ஆள் குறைத்தார்கள். அந்தக் காசில் இல்லத்து வாசலில் பெரிய மீன்தொட்டி வைத்தார்கள். நான் தனியாகத் தூக்கினேன். இப்போது என் முதுகு என்ன நிலையில் இருக்கிறது என்று எழுதத் தேவையில்லை.

செந்தூரனுக்குப் பக்கத்தில் ஓர்ஹான் என்ற துருக்கிப் பையன் நின்றான். இரண்டு பேரும் நாலு வருடம் பக்கத்தில் பக்கத்தில். எதிராளி இடம் மாறினால் ஒருவன் முழங்கையால் மற்றவனைத் தட்டுவான், அவ்வளவுதான், ஆளை மாற்றிக்கொள்வார்கள். இதைப் பணம் கொடுத்து ஒரு கிழமையில் வாங்க முடியாது. ஐந்து கெட்டிக்காரரைக் கொண்டுவந்து வரிசையில் நிறுத்தினால் அது லைன் ஆகாது. ஐந்து பேரும் ஒரு உடம்பாக வேண்டும். அதில் ஒருவன் சரியில்லை என்றால் மற்ற நாலு பேரும் சரியில்லை.

இது எனக்கு விளங்கியது. கழகத்துத் தலைவருக்கு விளங்கவில்லை. விளங்க அவருக்கு விருப்பம் இல்லை என்பதுதான் சரி.

4

கழகம் நாட்டின் முதல் பிரிவில் ஆடியது. ஆட்டக்காரருக்குக் காசு கொடுத்தார்கள். அமெரிக்கருக்கு நல்ல காசு, வீடு, கார். உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பெற்றோலுக்குக் காணும் காசு. களத்தில் ஒரே நேரத்தில் இத்தனை அமெரிக்கர்தான் நிற்கலாம் என்று கட்டுப்பாடு இருந்தது. அந்த இடங்களுக்கு யாரை எடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தலைவர் ஒரு எறிகிறவனை எடுத்தார். அது வேண்டியதுதான். பிறகு பிடிக்கிறவனை எடுத்தார். அடுத்த வருடம் இன்னும் வேகமாக ஓடுகிற பிடிகாரனை எடுத்தார்.

லைனுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஹெர் வோல்ஃப். பகலில் பஸ் ஓட்டுகிறவர். ஒவ்வொரு குளிர்காலமும் கேட்டார், லைனுக்கு ஒரு ஆள் எடுங்கள், மாற்று ஆட்களே இல்லை என்று. கோடைக்கால விருந்தில் நான் ரோல்ஸ் கொண்டுபோய் வைத்துக்கொண்டு நிற்கும்போது தலைவர் அவருக்குச் சொன்ன பதிலைக் கேட்டேன்.

"சனம் பந்து பறக்கிறதைப் பார்க்கத்தான் டிக்கெட் வாங்குகிறது. தடியன்கள் ஒருவரை ஒருவர் தள்ளுவதைப் பார்க்க இல்லை."

சொல்லிவிட்டு என் ரோல்ஸில் ஒன்றை எடுத்துத் தின்றார். மிளகாய் கடிபட்டு அழுதார். அது ஒன்றுதான் அன்றைக்கு எனக்குச் சந்தோசம்.

எறிகிறவன் பெயர் ஜேசன். செந்தூரனைவிட ஒரு வயது கூட. முதல் மாதமே எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். எங்கள் பிள்ளைகளே கையால் சாப்பிட வெட்கப்படும்போது அவன் கையால் பிசைந்து சாப்பிட்டான். என்னை "அம்மா" என்றான். அவனுடைய தாய் அமெரிக்காவில் இருந்து ஒருநாள் எங்கள் வீட்டுக்கே தொலைபேசி எடுத்தாள். எனக்கு ஆங்கிலம் இல்லை, அவளுக்கு வேறு ஒன்றும் இல்லை. கடைசியில் செந்தூரன் வாங்கிக் கேட்டுச் சொன்னான்.

"என்னடா சொல்லுறா?"

"தன்ரை பிள்ளையைப் பாத்துக்கொள்ளச் சொல்லுறா."

"நீ என்ன சொன்னனீ?"

"யா எண்டனான்."

5

உலகக் கிண்ணம் முடிந்து வீட்டு யன்னல்களில் இருந்து கொடிகளை எடுத்துக்கொண்டிருந்த நேரம், ஓர்ஹானின் முதுகு போய்விட்டது. அவன் எழும்ப முடியாமல் கிடந்தான். மாற்று ஆள் இல்லை. வேறு இடத்தில் ஆடிய ஒரு பையனைக் கொண்டுவந்து செந்தூரனுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். பலமான பையன்தான். ஆனால் பின்னால் கால் வைக்கத் தெரியாது. தள்ளுபட்டால் அப்படியே சாய்வான். செந்தூரன் தன் ஆளையும் மறித்து அவனுடைய ஆளில் பாதியையும் மறித்தான். இரண்டு ஆட்டத்தில் செந்தூரனின் இடது முழங்கால் வீங்கிவிட்டது.

அவன் கூரை வேலைக்கு அவுஸ்பில்டுங், அதுதான் தொழிற்பயிற்சி, செய்துகொண்டிருந்தான். மூன்றாம் வருடம். அடுத்த மாதம் செய்முறைப் பரீட்சை. கூரைக்காரனுக்கு முழங்கால் இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. நாள் முழுக்க முழங்காலில் நின்றுதான் ஓடு பதிக்க வேண்டும். வேலை கொடுத்த கிழவன் நல்லவன், பரீட்சை முடிந்தால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தான்.

ஆட்டத்துக்கு முதல்நாள் குசினியில் வைத்துச் சொன்னேன்.

"நாளைக்குப் போகாதை. ஏலாது எண்டு சொல்லு."

"ஆர் நிக்கிறது அம்மா?"

"அது அவங்கடை பிரச்சினை. ஆள் எடுக்காதவங்கள் அவங்கள்."

"ஓம். ஆனால் அடி ஜேசனுக்கு எல்லோ விழும். அவன் என்னைப் பாக்க மாட்டான் அம்மா. திரும்பியும் பாக்க மாட்டான். நான் நிக்கிறன் எண்டு நினைச்சுத்தான் எறிவான்."

"அவன்ரை தாய்க்குச் சொன்னதுக்காக உன்ரை காலை முறிக்கப் போறியோ?"

"நீங்கள் ஃப்ராவ் லின்டெமனை விட்டிட்டு வருவீங்களோ, ஆள் இல்லை எண்டு?"

இல்லத்தில் அந்தக் கிழவியைத் தனியாகத் தூக்கித்தான் என் முதுகு போனது. பிள்ளைகள் எங்களிடம் எதைப் பழக வேண்டுமோ அதைப் பழகுவதில்லை.

ஆனால் அடுத்த நாள் தலைவரிடம் நேரே போனேன். அவர் காசு போடுகிற முதலாளிகளோடு கூடாரத்தில் நின்றார். என் ஜேர்மன் வேலைக்குக் காணும், சண்டைக்குக் காணாது. நீங்கள் நல்ல லைன் ஒன்று வாங்கவில்லை, என் பிள்ளை சாகிறான் என்று சொல்ல வெளிக்கிட்டேன். கோபத்தில் லைன் என்பது லைனெ என்று வந்துவிட்டது. ஜேர்மனில் லைனெ என்றால் கயிறு. உடுப்புக் காயப்போடும் கயிறு, நாயைக் கட்டும் கயிறு.

"கயிறா? எங்கள் களஞ்சியத்தில் இருக்கும், கேட்டுப் பாருங்கள்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு என் தோளில் தட்டி, உங்கள் மகன் ஒரு வீரன் என்றார்.

லைன் வாங்கவில்லை. கயிறு மட்டும் இருந்தது. அதில் என் பிள்ளையைக் கட்டியிருந்தார்கள்.

6

அந்த ஆட்டத்தைப் பற்றிக் கனக்க எழுத மாட்டேன்.

இரண்டாம் பாதி. ஜேசன் பந்தை வாங்கிப் பின்னால் போனான். செந்தூரன் தன் ஆளை மறித்துக்கொண்டு நின்றான், நல்ல நிலை, கால் அகலம், இடுப்பு இறக்கம். பக்கத்துப் பையன் தள்ளுபட்டு வந்தான். அவன் பின்பக்கமாகச் சாய்ந்து என் பிள்ளையின் இடது காலில் பக்கவாட்டில் விழுந்தான். எதிராளி இல்லை, சொந்தப் பக்கத்துப் பிள்ளை. செந்தூரன் விழவில்லை. அந்தக் காலோடு, கால் போகக் கூடாத பக்கம் போயிருந்தும், முன்னால் நின்றவனை விடவில்லை. ஜேசன் எறிந்தான். அதற்குப் பிறகுதான் என் பிள்ளை விழுந்தான்.

அப்போது அங்கே இருந்த சனம் முழுவதும் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. பந்து பறந்தது. வேகமாக ஓடுகிறவன் அதைப் பிடித்தான். எல்லோரும் எழும்பினார்கள், குழலை ஊதினார்கள், முன்பின் தெரியாத ஒரு மனிசி என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் அவளைத் தள்ளிவிட்டு வேலியால் ஏறிக் குதித்தேன். ஜேசன் கையை உயர்த்திக்கொண்டு முன்னால் ஓடினான். பிறகு திரும்பிப் பார்த்தான். அன்றைக்குத்தான் அவன் முதல்தரம் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தான்.

அடுத்த நாள் பத்திரிகையில் பெரிய படம். பிடித்தவன் வானத்தில் நிற்கிறான். படத்தில் என் பிள்ளை இல்லை.

7

முழங்காலில் இருக்க வேண்டிய நார் எல்லாம் அறுந்துவிட்டது. இரண்டு தரம் வெட்டினார்கள். நடக்கலாம் என்றார் டொக்டர். முழங்காலில் நிற்கக் கூடாது, ஏணி ஏறக் கூடாது. கூரைக்காரக் கிழவன் வைத்தியசாலைக்கு வந்து கதிரையில் இருந்து அழுதான். அவனால் வேறு என்ன செய்ய முடியும்?

காப்புறுதிக்கு அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், போட்டோம். காசு வாங்கி ஆடினால் அது வேலை, கழகம்தான் பதிந்திருக்க வேண்டும் என்றார்கள். கழகத்தைக் கேட்டால், கொடுத்தது சம்பளம் இல்லை, செலவுக்குக் கொடுத்த உதவி, அவர் பொழுதுபோக்குக்கு ஆடினவர் என்றார்கள். பொழுதுபோக்கு! அவர்கள் நாள் குறித்து வரச்சொன்ன ஒவ்வொரு டெர்மினுக்கும் நானும் அவனும் போனோம். அவன்தான் எனக்கு மொழிபெயர்த்தான். "அம்மா, இவர் இல்லை எண்டுறார்." அது எனக்கே விளங்கியது.

ஜேசன் குளிர்காலத்துக்கு ஊருக்குப் போய் வசந்தத்தில் திரும்பி வந்தான். தலைவர் அந்த வருடமும் ஒரு ஓட்டக்காரனைத்தான் எடுத்தார். நாலாவது ஆட்டத்தில் ஜேசனை இடப்பக்கத்தால் வந்து அடித்தார்கள். தோள் நொருங்கி ஊருக்குப் போய்விட்டான். அவனுடைய தாய் திரும்ப எடுக்கவில்லை. கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அப்போது தலைவர் பத்திரிகைக்குச் சொல்லியிருந்தார், இனி லைனைப் பலமாகக் கட்டுவதுதான் முதல் வேலை என்று. அவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு. அதற்கு இரண்டு பிள்ளைகளின் உடம்பு தேவைப்பட்டது.

செந்தூரன் இப்போது மூன்றாம் மாடியில் இருக்கிறான். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. வேலைத் திணைக்களத்தால் அலுவலகப் படிப்புக்கு அனுப்பினார்கள், சில மாதம் போனான், விட்டுவிட்டான். திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுப் படுத்திருப்பான். ஓர்ஹான் வந்து மணி அடித்தாலும் நித்திரை என்று சொல்லச் சொல்வான். சாப்பிடக் கூப்பிட்டால் பிறகு என்பான். தாய்க்குப் பிள்ளையை ஏசத் தெரியும், தூக்கத் தெரியும். இதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த வருடத் தேருக்கு வா என்று அவனைக் கெஞ்சிக் கூட்டிப்போனேன். அவன் பெண்கள் பக்கத்தில் என்னோடு ஓரமாக நின்றான். திருப்பத்தில் தேர் நின்றது. பின்னால் தோள் கொடுக்க ஆட்களைக் கூப்பிட்டார்கள். ஸ்டுட்கார்ட்டில் இருந்து வந்த இரத்தினம் அண்ணை செந்தூரனைக் கண்டுவிட்டார்.

"தம்பி, இவ்வளவு உடம்பை வைச்சுக்கொண்டு பொம்பிளையளோடை நிக்கிறீர். வெக்கமாயில்லையே? வந்து தோளைக் குடும்."

"ஏலாது அண்ணை. நான் மறியலிலை இருந்தனான். அதிலை முழங்கால் போட்டுது."

அண்ணையின் முகம் மாறியது.

"மறியலிலையோ? எவ்வளவு காலம்?"

"நாலு வருசம்."

"என்னத்துக்குத் தம்பி?"

"இன்னொருத்தனைக் காப்பாத்த அண்ணை."

அண்ணை இரண்டு அடி பின்னால் போனார். மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சனத்துக்குள் மறைந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூப்பிட்டுச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தேர் அசைந்தது. அரோகரா என்று சனம் கத்தியது. எல்லோரும் கையைக் கூப்பி மேலே அம்பாளைப் பார்த்தார்கள்.

செந்தூரன் பார்க்கவில்லை. அவன் கீழே, தேருக்குப் பின்னால் தள்ளுகிறவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, அந்த இடப்பக்கத்து ஆளைப் பாருங்கோ. காலை ஒட்டி வைச்சிருக்கிறார். ஆராவது சாய்ஞ்சால் இவரிலைதான் விழும். அவருக்கு ஒருக்கால் சொல்லுங்கோவன்."

சொன்னேன். அந்தச் சத்தத்தில் அந்த ஆளுக்குக் கேட்கவில்லை. அன்றைக்கு ஒருவரும் விழவில்லை, அது அம்பாள் புண்ணியம்.

தங்கச்சிக்கு இதெல்லாவற்றையும் தொலைபேசியில் எப்படிச் சொல்வது? அவள் திரும்பவும் கேட்டாள். செந்தூரனின் அறைக் கதவு மூடிக் கிடந்தது. மத்தியானம் ஒரு மணி, உள்ளே வெளிச்சம் இல்லை.

"அக்கா, கேக்குதோ? செந்தூரன் மறியலிலை இருந்தவனோ?"

"ஓம்," என்றேன். "இன்னும் வெளியாலை வரேல்லை."